எண்பது வயது மூச்சு

நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தபோது நாற்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு ஈடுகொடுத்த நாயனம் அவருடையது. அவருடைய குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் போனார். அவருக்கும் அறுபது நிரம்பவில்லை. இவர்கள் இருவரிடமிருந்து நமக்கு மிஞ்சியிருப்பதெல்லாம் நடுவயது மூச்சுதான். எண்பதில் காருகுறிச்சியார் தோடியை எப்படி எடுத்திருப்பார்?

இப்படிக் கேட்க வைத்தது ஓர் அமெரிக்க ஜாஸ் பதிவு. சாக்ஸபோன் கலைஞர் சாம் ரிவர்ஸ் 2007 மே மாதம் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழக அரங்கில் வாசித்தபோது அவருக்கு வயது 83. உடன் டபுள் பேஸில் டேவ் ஹாலண்ட், டிரம்ஸில் பேரி ஆல்ட்ஷுல். 1970களில் சேர்ந்து வாசித்துப் பிரிந்தவர்கள், கால் நூற்றாண்டு கழித்து ஒரே மேடையில். எழுதி வைத்த உருப்படி எதுவும் கிடையாது, முழுக்க மனோதர்மம். ரிவர்ஸ் 2011 கடைசியில் காலமானார். மறு ஆண்டுதான் பதிவு வெளிவந்தது.

மூவர் கச்சேரியில் ஊதுபவருக்கு ஒளிய இடமில்லை. நம் மேளத்திலாவது இரண்டாம் நாயனம் உண்டு. பெரியவர் மூச்சு வாங்கும் இடத்தில் அவர் இழையைப் பிடித்துக்கொள்வார், கேட்பவருக்கு ஓட்டை தெரியாது. ரிவர்ஸுக்கு அந்த வசதி இல்லை. வயதானவரின் மூச்சு நீண்ட பிருகாவைத் தாங்காது. அதனால் சங்கதி சுருங்கும், நடுவில் வெற்றிடம் விழும், எதை விடலாம் என்ற தேர்வு கூர்மையாகும். இளமையில் பத்து சங்கதி போட்டவர் இப்போது இரண்டு போடுகிறார். அந்த இரண்டை அவர் எப்படிப் பொறுக்கினார் என்பதுதான் கேட்க வேண்டியது. இதைத் தளர்ச்சி என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

சாக்ஸபோன் நமக்கு அந்நியமும் அல்ல. அதில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் ஒரு நாகஸ்வர வித்வானின் மகன். 1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ரா விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டியோடு வாசித்தவர்.

நாயனத்தின் இடமோ கோயிலும் வீதியும்தான். குற்றாலத்தில் குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்தது. ஊதும் கருவியின் உருவத்திலேயே ஒரு கோயில்! சித்திரை விசு, ஐப்பசி விசு, மார்கழித் திருவாதிரை என்று சாமி புறப்படும் நாளெல்லாம் நாயனத்தின் மல்லாரி முன்னே போகும். வீதியில் மணிக்கணக்கில் விரிந்த ராகத்தைப் பழைய இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்தில் அடக்கியது. அதற்குப் பின் வானொலி வந்தது, கேசட் வந்தது, இப்போது ஆளுக்கொரு செல்போன். நேரத்துக்குத் தட்டுப்பாடு இல்லை. ஆனாலும் மூத்தவர் என்றால் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்துவிடுகிறோம். கொடை விழாக்களில் நையாண்டி மேளம் வாசித்தே முதுமை கண்டவர்களுக்கு அந்தப் பொன்னாடைகூட அபூர்வம். அவர்கள் வாசிப்பதைக் கச்சேரி என்று சொல்லவே நம் சபாக்களுக்கு வாய் வராது.

குற்றாலத்தில் சீசனுக்குச் சாரல் விழா எடுக்கிறது அரசு. அதில் ஒரு மாலையை எழுபது தாண்டிய ஒரு நாயனக்காரருக்குக் கொடுக்கலாம். ஒரு நாயனம், ஒரு தவில், ஒரு தாளம். இரண்டாம் நாயனம் வேண்டாம். வாழ்த்துரை, நினைவுப்பரிசு எல்லாவற்றையும் மறுநாளைக்குத் தள்ளிவிட்டு, இரண்டு மணி நேரம் அவர் போக்கில் விட்டுவிட வேண்டும். நல்ல ஒலிப்பதிவாளர் ஒருவர் போதும். சீவாளி மாற்ற அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் வெட்டாமல் பதிவு செய்யட்டும்.