கணினிப் படத்தில் அம்மம்மா இல்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து வந்த மகன், மேசையில் நான் திறந்து வைத்திருந்த லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். திரையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். அதற்குள்ளே சின்னச் சின்ன மனித உருவங்கள் படிக்கட்டால் இறங்கிக்கொண்டிருந்தன. தீப்பிடித்தால் எல்லோரும் வெளியே வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணக்குப் பார்ப்பதுதான் என் வேலையில் ஒரு பகுதி. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, இதில அம்மம்மா எங்க?" என்று கேட்டான்.

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தப் படத்தில் அம்மம்மா இல்லை. எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்கிற சுகதேகிகள்.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இப்போதெல்லாம் கட்டடக் கலைஞர்கள் வெறும் கோடுகளால் வரைவதில்லை. பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடல், சுருக்கமாக 'பிம்', என்ற முப்பரிமாண மாதிரியைச் செய்கிறார்கள். அதிலே ஒரு சுவருக்குத் தான் சுவர் என்று தெரியும். ஒரு கதவுக்குத் தன் அகலமும், எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்பதும் தெரியும். அந்த மாதிரியை ஐ.எஃப்.சி என்ற பொதுவான கோப்பு வடிவத்தில் வாங்கி, ஆட்கள் வெளியேறுவதைக் காட்டும் பாத்ஃபைண்டர் போன்ற மென்பொருளுக்குள் போடலாம். நம்ம லண்டனிலேயே கிரீனிச் பல்கலைக்கழகத்தில் உருவான எக்ஸோடஸும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். புகை எப்படிப் பரவும் என்று பார்க்க அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் தயாரித்த எஃப்.டி.எஸ் இருக்கிறது.

கேட்க லேசாக இருக்கும். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு போகும்போது ஏதாவது வழியில் விழுந்துவிடும். வரைந்தவர் ஒரு கதவைக் 'கதவு' என்று குறிக்காமல் வெறும் பலகையாக வைத்திருந்தால், மென்பொருள் அதைச் சுவர் என்று எடுத்துக்கொள்ளும். அறைக்குள் இருப்பவர்கள் அங்கேயே நிற்பார்கள். இந்தப் பிழை நல்லது, ஏனென்றால் உடனே கண்ணில் படும். சரியாக இருப்பது போலத் தெரிகிற பிழைதான் ஆபத்து. கதவின் அகலம் 900 மில்லிமீட்டர் என்று கோப்பில் இருக்கும். நிலையையும், திறந்து நிற்கும் கதவின் தடிப்பையும் கழித்தால் ஆள் போகிற இடம் அதைவிடக் குறைவு. புகைக் கணக்கில் கட்டடம் முழுவதையும் சின்னப் பெட்டிகளாகப் பிரிப்பார்கள். பெட்டியைவிடச் சிறிய இடுக்கு அப்படியே காணாமல் போகும். கதவின் கீழே இருக்கும் இடுக்கால் புகை வரும் என்பது நமக்குத் தெரியும், நாமாகச் சொல்லாவிட்டால் கணினிக்குத் தெரியாது.

இதெல்லாம் என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்து திருத்த வேண்டியவை. நான் உங்களோடு பேச வந்தது கோப்பில் எப்போதுமே இல்லாத விஷயங்களைப் பற்றி.

கிரென்ஃபெல் டவரை மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஜூன் 14, அதிகாலை. 24 மாடி, ஒரே ஒரு படிக்கட்டு. 72 பேர் இறந்தார்கள். அதில் 18 பேர் பிள்ளைகள். முதல் 999 அழைப்பு 12.54க்கு. 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்ற அறிவுறுத்தலைக் கைவிட்டது 2.47க்கு. அந்த அறிவுறுத்தலுக்கு ஒரு அடிப்படை இருந்தது: ஒவ்வொரு ஃப்ளாட்டும் தீயைத் தனக்குள் அடக்கி வைக்கும் ஒரு பெட்டி என்பது. வெளிச்சுவரில் ஒட்டிய உறையால் தீ ஏறியபோது அந்த அடிப்படையே போய்விட்டது. அதோடு, பல வீட்டு வாசல் கதவுகளில் தானாக மூடவைக்கும் கருவி உடைந்திருந்தது அல்லது இல்லவே இல்லை என்று பொது விசாரணை கண்டது. ஆட்கள் ஓடி வந்த வீடுகளின் கதவு திறந்தபடி நிற்க, புகை நடைபாதைக்கு வந்தது. திருத்த வேலையில் மாடி எண்களும் மாறியிருந்தன. தீயணைப்பு வீரர்களின் கையில் உள்ளமைப்பைக் காட்டும் வரைபடம் இல்லை.

கட்டடம் ஒன்று, காகிதத்தில் இருந்தது வேறொன்று. அதனால்தான் ஜூடித் ஹக்கிட் அம்மையாரின் 2018 அறிக்கை 'பொன்னிழை' என்ற சொல்லைக் கொண்டு வந்தது: ஒரு கட்டடத்தின் உண்மையான தகவல், அது இருக்கும் காலம் முழுக்க, கணினியில் அறாமல் தொடர வேண்டும். 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் அதை உயரமான குடியிருப்புகளுக்குக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் 2026 செப்டம்பர் 30க்குப் பிறகு வரும் திட்டங்களில், 18 மீட்டரும் அதற்கு மேலும் உயரமான புதுக் குடியிருப்புகளுக்கு இரண்டாவது படிக்கட்டும் வேண்டும். நாங்கள் ஏற்கெனவே இருக்கிற கட்டடங்களுக்கு அது வராது.

இனி என் வீட்டுக் கதை. நாங்கள் ஏழாம் மாடியில் இருக்கிறோம். ஒரே படிக்கட்டு. மகன் கேட்ட கேள்வி மனதை அரித்ததால், அடுத்த நாள் அம்மாவிடம், "ஒருக்கா படியால இறங்கிப் பார்ப்பமா?" என்றேன். "ஏன் பிள்ளை, லிஃப்ட் இருக்குத்தானே?" என்றா. தீயென்றால் லிஃப்டில் போகக் கூடாது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். மகனுக்கும் எனக்கும் இரண்டு நிமிடம் போதும். அம்மாவுக்கு, முழங்கால் நோவோடு, இரண்டு இடத்தில் இருந்து எழும்பி, எட்டு நிமிடம். பாத்ஃபைண்டரில் நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒவ்வொருவரும் சமதரையில் விநாடிக்கு 1.19 மீட்டர் நடப்பார்கள். மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஏழாம் மாடியில் இப்படி ஒரு அம்மம்மா இருக்கிறா என்று யாராவது சொன்னால்தானே மாற்ற முடியும்?

திரும்பி வந்து வாசலில் நின்றபோதுதான் மற்றது கண்ணில் பட்டது. எங்கள் சப்பாத்து ராக்கை. செருப்போடு வீட்டுக்குள் போகக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே எல்லாமே வெளியே, நடைபாதையில். பக்கத்தில் தங்கைச்சியின் பிள்ளை வண்டி. கணினியில் அந்த நடைபாதை வெறுமையாகவும் அகலமாகவும் இருக்கும். அதைவிட மோசம், கதவு. அடித்து மூடுகிற சத்தத்தில் குழந்தை எழும்புதே என்று, அதைத் தானாக மூடவைக்கும் கருவியின் கையை நாங்களே மூன்று வருடத்துக்கு முன் கழற்றி வைத்திருந்தோம். மற்றவர்களின் கட்டடத்தில் ஒவ்வொரு கதவையும் கேள்வி கேட்கிற நான், என் கதவை மறந்துவிட்டேன். பூட்டித் தரச் சொல்லி நிர்வாகத்துக்கு அன்றே எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வாசல் கதவை முழுக்கத் திறந்து கையை விடுங்கள். அது தானாக வந்து கொளுவ வேண்டும். பிறந்தநாளுக்கு ஆட்கள் வரும்போதும் அதற்கு முட்டுக் கொடுக்காதீர்கள். சப்பாத்துகளை உள்ளே எடுங்கள், வாசலுக்கு உட்பக்கம் ஒரு பாய் போதும். உங்கள் கட்டடத்தில் தீயென்றால் உள்ளே இருப்பதா, எல்லோரும் வெளியேறுவதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். பதில் கட்டடத்துக்குக் கட்டடம் வேறு. தீ உங்கள் வீட்டிலேயே என்றால், அல்லது புகையோ சூடோ உங்களிடம் வந்துவிட்டால், கதவை மூடிவிட்டு வெளியே வந்து 999க்கு அடியுங்கள். மாடி எண்ணையும் வீட்டு எண்ணையும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குங்கள், அப்பப்பா, அம்மம்மாவுக்கும்தான்.

இன்னொன்று. 2026 ஏப்ரல் 6ஐ நடைமுறை நாளாகக் கொண்ட இங்கிலாந்து விதிமுறைகளின்படி, 18 மீட்டர் அல்லது ஏழு மாடிக்குக் குறையாத குடியிருப்புகளில், தானாக இறங்கிவர முடியாதவர்கள் யார் என்று கண்டறிந்து, அவர்கள் விரும்பினால் அவர்களோடு பேசித் திட்டம் வகுப்பது கட்டடப் பொறுப்பாளரின் கடமை. "எங்களுக்கேன் கரைச்சல், பேர் பதிய வேண்டாம்" என்று எங்கள் முதியவர்கள் சொல்வார்கள். என் அம்மாவும் சொன்னா. பிறகு மகன்தான் பக்கத்தில் இருந்து படிவத்தை நிரப்பினான். 'இறங்க எடுக்கும் நேரம்' என்று ஒரு கட்டம் அதில் இல்லை. கீழே இருந்த வெற்றிடத்தில் தன் கையெழுத்தில் 'எட்டு நிமிடம்' என்று ஆங்கிலத்தில் எழுதினான்.