கன்ட்ரோல் எஸ்ஸுக்கு ஐந்து மார்க்!

"ஒரு கோப்பைச் சேமிக்கும் வழிமுறைகளை எழுதுக" என்று கேள்வி வந்தால் மாணவர்கள் படிப்படியாக எழுதி முழு மார்க் வாங்கிவிடுவார்கள். அதே மாணவனை லேபில் உட்காரவைத்து, "போன வாரம் போட்ட பேலன்ஸ் ஷீட்டைத் திறப்பா" என்று சொல்லிப் பாருங்கள்... முழி பிதுங்கிவிடும்! டெஸ்க்டாப் முழுக்க புக்1, புக்2, புக்3. எது யாருடையது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

உடனே "இந்தக் காலத்துப் பசங்க சோம்பேறிங்க" என்று ஆரம்பிப்பது சுத்த ஜல்லி. நீச்சலைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு, பையன் முழுகினால் பையனைத் திட்டுவார்களா? 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. பழக்கத்தை யார் கொடுப்பது?

இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். பழைய தபால் உறைகள், துண்டுச் சீட்டுகள், பென்சில், ரப்பர், ஒரு விசில் போதும். வகுப்பை ஐந்து அணியாகப் பிரிக்க வேண்டும். பெஞ்சுதான் ராம். உறைதான் ஃபோல்டர்.

சுற்று 1: ஆசிரியர் பில் விவரங்களைச் சொல்லச் சொல்ல, அணிகள் சீட்டில் எழுத வேண்டும். திடீரென்று விசில்... "கரண்ட் போச்சு!" உறைக்குள் போகாமல் பெஞ்சில் கிடக்கும் சீட்டெல்லாம் கிழிபடும். திரையில் தெரிவது ராமில்தான் இருக்கிறது, வட்டில் எழுதினால்தான் தங்கும் என்பதை இதைவிட எளிதாக யாராலும் விளக்க முடியாது. இரண்டு விசிலுக்குள் கை தானாக உறைக்குப் போகும்.

சுற்று 2: ஒவ்வொரு சீட்டுக்கும் பெயர் வைத்து, உறைகளை அடுத்த அணியிடம் கொடுக்க வேண்டும். "மார்ச் வாடகை பில் எங்கே?" 30 விநாடிதான். கிடைக்காவிட்டால் பெயர் வைத்த அணிக்கே மார்க் போகும், தேடிய அணிக்கு அல்ல. "ஃபைனல்", "ஃபைனல் புதுசு" என்று பெயர் வைத்தவர்கள் காலி! தேதியைச் சாய்கோடு போட்டு எழுதினாலும் சீட்டு திரும்பி வரும். விண்டோஸ் அந்தக் குறியைக் கோப்புப் பெயரில் ஏற்காது. 2024-03-12 என்று வருடத்தை முதலில் எழுதினால் கோப்புகள் தேதி வரிசையில் தாமாகவே அடுக்கிக்கொள்ளும்.

சுற்று 3: வாடகைத் தொகை மாறுகிறது. "சேவ்" என்று சொன்னால் அதே சீட்டில் அழித்து எழுத வேண்டும். "சேவ் ஆஸ்" என்றால் வேறு பெயரில் புதுச் சீட்டு. கடைசியில் ஒரே கேள்வி: "பழைய தொகை எவ்வளவு?" அழித்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். அந்த முழிதான் பாடம்.

"இப்பதான் எல்லாம் தானாவே சேவ் ஆகுதே" என்பார்கள் சிலர். கூகுள் டாக்ஸில் ஆகும், சரி. ஆனால் யாருடைய கணக்கில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில்? வேர்டின் ஆட்டோசேவுக்குக் கோப்பு ஒன்டிரைவ் மாதிரி மேகக் கிடங்கில் இருக்க வேண்டும், பென் டிரைவில் இருப்பதற்கு அந்த வசதி கிடையாது. வாட்ஸப்பில் வந்த மார்க்ஷீட் டபிள்யூஏ0007 என்று முடியும் ஏதோ ஒரு பெயரோடு போனில் ஒளிந்திருக்கும். விண்ணப்பத்தின் கடைசி நாள் ராத்திரி அதைத் தேடிப் பாருங்கள், தெரியும் சேதி.

"விளையாடினா சிலபஸ் யார் முடிப்பது?" இது அடுத்த கேள்வி. மொத்தமே ஒரு பீரியட்தான் சார்! வவுச்சருக்கு நம்பர் போட்டு, தேதிவாரியாக அடுக்கி, கேட்டதும் எடுத்துக் கொடுப்பதுதான் கணக்குப்பிள்ளையின் முதல் தொழில். காமர்ஸ் படித்தவனுக்குத் தன் கோப்பையே எடுக்கத் தெரியாவிட்டால், நாளைக்கு எந்த முதலாளி அவனை நம்பிக் கணக்கைக் கொடுப்பார்?

ஐந்து மார்க் விடைத்தாளோடு போய்விடும். வேலைக்குப் போன இடத்தில் நிஜமாகவே கரண்ட் போகும்போது, விசில் ஊத யாரும் வரமாட்டார்கள்.