குழந்தைகளுக்கு வரும் ஒற்றைத் தலைவலி: கடலூர், சிதம்பரம் பெற்றோர் அறிய வேண்டியவை

தலைவலியுடன் வாந்தி வந்தால் ‘பித்தம்’ என்றும், நெற்றி வலித்தால் ‘சைனஸ்’ என்றும் கருதுவது வழக்கம். அவற்றுள் பல, மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியாக இருக்கக்கூடும். பெயர் அவ்வாறிருப்பினும், குழந்தைகளுக்கு நெற்றியின் இருபுறமும் வலிப்பதே மிகுதி. வலி 2 மணி நேரத்தில் அடங்கிவிடுவதும் உண்டு. ஆதலால் பள்ளிக்குச் செல்லாதிருக்க நடிப்பதாகத் தவறாக எண்ணப்படுகிறது.

காலை உணவும் தலைவலியும்

பசி, உறக்கக் குறைவு, வெயில், போதிய நீர் அருந்தாமை ஆகியவை இவ்வலியைத் தூண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கென வகுக்கப்பட்டது. ஒற்றைத் தலைவலியோ அதற்குப் பிந்தைய பருவத்தில், குறிப்பாகப் பெண் குழந்தைகளிடம், அதிகரிக்கிறது. உயர்வகுப்புப் பிள்ளைகள் உணவருந்திச் செல்வதை வீட்டாரே உறுதிசெய்ய வேண்டும்.

சிகிச்சை

வலி தொடங்கியவுடன், மருத்துவர் எடைக்கேற்பக் குறித்த அளவில் பாராசிட்டமால் அல்லது இபுபுரூஃபன் கொடுத்து, இருண்ட, அமைதியான அறையில் படுக்கவைக்கவும். தாமதித்தால் மருந்தின் பயன் குறையும். ஆஸ்பிரின் கொடுக்கலாகாது, அது அரிதாக மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்கு வழிவகுக்கலாம். வாரத்தில் 2 அல்லது 3 நாட்களுக்கு மேல் வலிமாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரை அணுகவும். மிகையான மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

தடுப்பு மருந்து அனைவருக்கும் வேண்டுமா?

8 முதல் 17 வயதினரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அமிட்ரிப்டிலின் உண்டோருள் 52 விழுக்காட்டினருக்கும், டோபிரமேட் உண்டோருள் 55 விழுக்காட்டினருக்கும், மருந்தில்லா மாத்திரை உண்டோருள் 61 விழுக்காட்டினருக்கும் தலைவலி நாட்கள் பாதியளவேனும் குறைந்தன. 2025இல் பிரெமனெசுமாப் ஊசிமருந்து, 45 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள 6 முதல் 17 வயதினருக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனினும் ஒழுங்கான உணவும் உறக்கமுமே முதற்படி. தற்போது உண்ணும் மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

எங்கே செல்வது?

சிதம்பரம் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் அரசின் சுகாதாரத் துறையின்கீழ் கொண்டுவரப்பட்டு, அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இயங்குகிறது. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையை அணுகலாம். வலி வந்த நாள், நேரம், முந்தைய உணவு, உறக்கம், கொடுத்த மாத்திரை ஆகியவற்றைக் குறித்து எடுத்துச் செல்லவும். ஆலோசனைக்கு 104.

உடனே 108ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு
• வலிப்பு, மயக்கம், கை கால் தளர்ச்சி
• திடீரெனத் தோன்றும் கடும் வலி

உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொடர்ந்து விடியற்காலையில் வாந்தி, பார்வை மங்கல், நடை தள்ளாடுதல் ஆகியவை இருப்பின் அன்றே மருத்துவரிடம் காட்டவும்.