தாதியர் வேலைக்குத் திரும்ப வரி விலக்கு மட்டும் போதுமா?

ஜொகூர் பாரு: பிள்ளை வளர்ப்புக்காக வேலையை விட்ட தாதியர் மீண்டும் வார்டுக்குத் திரும்புவது எளிதல்ல. 1950ஆம் ஆண்டு தாதியர் சட்டப்படி, ஏபிசி எனப்படும் ஆண்டுத் தொழில் சான்றிதழ் இல்லாமல் பணியாற்ற முடியாது. அதைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. வேலையில் இருப்பவர்களுக்கு மருத்துவமனையிலேயே அந்தப் பயிற்சிகள் கிடைக்கும். வீட்டில் இருப்பவர்கள் தாங்களே தேடிப் போக வேண்டும்.

குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலையை விட்டிருந்து திரும்பும் பெண்களுக்கு 12 மாதம் வரை வருமான வரி விலக்கு உண்டு. 2027 இறுதி வரை டேலண்ட்கார்ப் வழி விண்ணப்பிக்கலாம். நல்ல சலுகைதான். ஆனால், சம்பளம் வந்த பிறகே அதன் பலன் தெரியும். சாதாரணத் தாதியர் சம்பளத்தில் கட்டும் வரியும் சொற்பமே.

உண்மையான தடை அதற்கு முன்பே நிற்கிறது. சம்பளமில்லாத பயிற்சிக் காலத்தில் பிள்ளையை யார் பார்ப்பது? தோட்டத்திலிருந்து குளுவாங்கிற்கோ சிகாமட்டிற்கோ போய்வரும் செலவை யார் தருவது?

பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர் பணியை விட்ட தன் தாதியர்களுக்கென்றே மறுபயிற்சித் திட்டம் நடத்துகிறது. ஜொகூரின் அனுபவமிக்க தாதியர்களையும் அது ஈர்க்கிறது. புதிய தாதியை உருவாக்க மூன்றாண்டு டிப்ளோமா தேவை. பயிற்சி பெற்றவர் வீட்டிலேயே இருக்கிறார். உதவித்தொகையுடன் அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையில் மறுபயிற்சி கிடைத்தால், அவர் வருவார்.