பணம் அவர்களுடையது, காகிதம் யாருடையது?

அடுத்தவர் பணத்தைப் பாதுகாக்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்ட அரசு, அதை எப்படி நிர்வகித்தது என்பதற்கான ஆவணங்களைக் காட்ட மாட்டேன் என்று சொல்லலாமா? சிலவற்றைக் காட்ட வேண்டியதில்லை என்று 2011 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் படிக்கும் தோழர்கள் அதை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடக்கே ஹிக்கரியா அப்பாச்சி பூர்வகுடிகளுக்குச் சுமார் 9 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. அங்கே மரம், சரளைக்கல், எண்ணெய், எரிவாயு எல்லாம் கிடைக்கின்றன. அந்த வருமானத்தை அமெரிக்க ஒன்றிய அரசு அறங்காவலராக இருந்து வாங்கி வைத்து முதலீடு செய்தது. 1972 முதல் 1992 வரை அந்தப் பணத்தைக் குறைந்த வருவாய் தரும் இடங்களில் போட்டு எங்களுக்கு இழப்பு ஏற்படுத்தினீர்கள் என்று 2002-இல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இது யாரும் இரங்கிக் கொடுத்த நிதி அல்ல. அவர்கள் மண்ணில் விளைந்த பணம்.

அமெரிக்காவில் விசாரணைக்கு முன் இரு தரப்பும் தங்களிடம் உள்ள ஆவணங்களை எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும். இதை டிஸ்கவரி என்கிறார்கள். அரசு ஆயிரக்கணக்கான பக்கங்களைக் கொடுத்தது. ஆனால் 226 ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. பழங்குடிகள் நீதிமன்றத்தை நாடிய பிறகு 71 வெளியே வந்தன. மீதி 155-க்குத்தான் சண்டை. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம் என்பது அரசின் வாதம்.

ஆனால் அறக்கட்டளைச் சட்டத்தில் பழைய விதி ஒன்று உண்டு. அறங்காவலர் சொத்தை நிர்வகிக்க வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டால், அது பயனாளியின் நன்மைக்காகக் கேட்கப்பட்டது. ஆகவே பயனாளியிடம் அதை மறைக்க முடியாது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் இந்த விதியை ஏற்று பழங்குடிகள் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்று அதைப் புரட்டிப் போட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோவின் வாதம் இப்படிப் போகிறது: அரசு சாதாரண அறங்காவலர் அல்ல. இறையாண்மை உள்ள அரசாகத் தன் நலனையும் அது பார்க்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுத்த சம்பளமும் பழங்குடிகளின் நிதியிலிருந்து போகவில்லை. சட்டம் வெளிப்படையாக எந்தக் கடமையைச் சுமத்துகிறதோ அதற்கு மட்டுமே அரசு பொறுப்பு. நீதிபதி சோனியா சோட்டோமேயர் ஒருவர்தான் மறுத்து எழுதினார்.

பணத்தை வாங்கும்போது அறங்காவலர், காகிதத்தைக் கேட்டால் பேரரசு. எங்களுக்கு இந்தத் தீர்ப்பு இப்படித்தான் படுகிறது. சம்பளம் யார் கொடுத்தது என்ற வாதம்தான் இன்னும் கொடுமை. பிறர் பணத்தைக் கையாள்வது பற்றிய ஆலோசனையில், அந்தப் பிறருக்குப் பங்கே இல்லையாம்.

இது வெறும் நடைமுறைத் தகராறு என்று நினைக்க வேண்டாம். மொன்டானாவின் பிளாக்ஃபீட் இனத்தைச் சேர்ந்த எலோயிஸ் கோபெல் 1996-இல், பல லட்சம் பூர்வகுடிகளின் தனிக்கணக்குப் பணத்துக்குக் கணக்கு கேட்டு வழக்குப் போட்டார். ஆவணங்களைக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டும் கொடுக்காததால், 1999 பிப்ரவரியில் உள்துறைச் செயலர் புரூஸ் பாபிட், கருவூலச் செயலர் ராபர்ட் ரூபின் இருவரும் நீதிமன்ற அவமதிப்புக்கு உள்ளானார்கள். அமெரிக்காவில் இவர்கள் அமைச்சர்கள், நம்மூர் ஐ.ஏ.எஸ். செயலர்கள் அல்ல. அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கருவூலத் துறை 162 பெட்டி ஆவணங்களை அழித்ததும் பிறகு வெளியே வந்தது. 2009-இல் 340 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டத்தின் பல நூறு கோடி ரூபாயை டெல்லி அரசு 2010 காமன்வெல்த் விளையாட்டுச் செலவுக்குத் திருப்பியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய காகிதங்கள்தான் அதை அம்பலப்படுத்தின. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையிலேயே அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒதுக்கீடு எவ்வளவு என்று கேட்பதோடு நிற்கும் தோழர்களுக்கு நாங்கள் சொல்வது: எந்தக் கோப்பில், யார் கையெழுத்தில், யார் ஆலோசனையில் செலவானது என்றும் கேளுங்கள். அந்தக் கோப்புகளைப் பார்க்கும் உரிமை சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். எழுதாத கடமை கடமையே அல்ல என்று சொல்ல ஒரு நீதிபதி எங்கும் கிடைப்பார்.

ஹிக்கரியா அப்பாச்சிகள் அந்தத் தீர்ப்போடு வழக்கை விட்டுவிடவில்லை. 2013-இல், வழக்கின் முதற்கட்டத்தில் மட்டும், அரசு அவர்களுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்குப் போட்டு அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.