மூன்றாவது மொட்டை

எங்கள் தெருவில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதுகொண்டிருக்கிறது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இது அதற்கு மூன்றாவது மொட்டை. முதல் மொட்டை பழனியில், பிரார்த்தனைக்காக. அதோடு எனக்குச் சண்டையில்லை. அது அவர்களுக்கும் முருகனுக்கும் உள்ள கணக்கு. அடுத்த இரண்டுக்கும் சாமி பொறுப்பல்ல. "எலிவால் மாதிரி இருக்கே, இன்னொரு தரம் வழிச்சா கருகருன்னு அடர்த்தியா வரும்" என்றாளாம் பாட்டி. தகப்பனார் பி.எஸ்ஸி. படித்தவர். அவரும் தலையாட்டிவிட்டார்.

அந்தப் பாட்டியிடம் ஒன்றே ஒன்று கேட்க எனக்கு ஆசை. எங்களைப் போன்ற குடும்பங்களில் விதவைகளின் தலையை எத்தனை காலம் வழித்தோம்? என் கொள்ளுப்பாட்டியைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். பதினாறு வயதில் தாலி இழந்தவள். அதற்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல், மாதம் தவறாமல் நாவிதர் கொல்லைப்புறமாக வந்து போவார். வழித்தால் அடர்த்தியாகும் என்பது மெய்யானால், முக்காட்டுக்குள் அடங்காத கூந்தலல்லவா அவளுக்கு இருந்திருக்க வேண்டும்? இருந்ததெல்லாம் நாலு வெள்ளை முள். இருபது வயது முதல் தினம் சவரம் செய்கிறவர் ஐம்பது வயதுக்குள் பத்தாயிரம் தரம் கத்தி போட்டிருப்பார். அவர் கன்னம் துடைப்பமாகிவிடவில்லையே!

மயிர் உற்பத்தியாவது தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பையில். வெளியே தெரிவது நகத்தைப் போல உயிரற்ற வஸ்து. அதை வெட்டினால் வேருக்குச் சேதி போகாது. 1928-ல் அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அம்மையார் நான்கு ஆண்களைச் சவரம் செய்துகொள்ளச் சொல்லி, விழுந்த மயிரை அளந்து பார்த்தார்; வளரும் வேகமும் கூடவில்லை, கனமும் கூடவில்லை. 1970-ல் வேறு இருவர், ஐந்து இளைஞர்களுக்கு ஒரு காலை மட்டும் வாரந்தோறும் மாதக்கணக்கில் மழித்து, மற்றக் காலோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசமே இல்லை.

"பின்னே தடவினால் முரடாக இருக்கிறதே?" என்பீர்கள். சீவிய பென்சிலின் கூரை நறுக்கிவிட்டுத் தொட்டுப் பாருங்கள், அதே சமாசாரந்தான். தானாக வளர்ந்த மயிருக்கு நுனி மெல்லியது. கத்தி பட்டதற்கு நுனியே கிடையாது. கைக்குழந்தையின் பூனைமயிர் உதிர்ந்து நல்ல மயிர் வருவதும், பதினாறு வயதுப் பையனுக்கு மீசை கறுப்பதும் வயசின் வேலை. புகழைக் கத்தி தட்டிக்கொண்டு போகிறது!

தலைமயிர் மாதத்துக்குச் சுமார் ஒரு செண்டிமீட்டர்தான் வளரும். தோளைத் தொட இரண்டு வருஷமாவது ஆகும். ஒவ்வொரு மொட்டையும் அந்தக் குழந்தையிடமிருந்து பறிப்பது அந்த இரண்டு வருஷத்தை. மயிர் நிஜமாகவே மெலிந்திருந்தால், ரத்தத்தில் இரும்புச்சத்து போதுமா என்று டாக்டரைக் கேட்கலாமே! அதை ஒருவரும் செய்யவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அது என்னைக் கூப்பிட்டு, "அடுத்த லீவுக்கும் அடிப்பாளா, மாமா?" என்று கேட்டது. தகப்பனார் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நீங்களே சொல்லுங்கள், ஸார்" என்றேன். அவர் உள்ளே திரும்பி, அம்மா இருக்கிறாளா என்று பார்த்தார்.