விளக்கு வாங்கும் முன் ஒரு வார்த்தை

தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், ஆண்டாப்ஹில், சயான் கோலிவாடா என்று மும்பையில் எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும், தமிழர் வீட்டு வளைகாப்பிலும் காதுகுத்திலும் காமிராவும் கையுமாக ஓர் இளைஞரைப் பார்க்கலாம். வார நாட்களில் அவருக்கு வேறு வேலை. கூரியர் கம்பெனியில் இருப்பார்; தோல் பட்டறையில் கணக்கு எழுதுவார்; கோட்டைப் பகுதி ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் போட்டோகிராபர். அதில் கிடைக்கும் நாலு காசு, ஊருக்கு அனுப்பும் பணத்தோடு சேருகிறது.

பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் இதில் இறங்குகிறவர்களில் பலர் ஆரம்பத்திலேயே ஒரு தவறு செய்கிறார்கள். காமிராவை எப்படியோ வாங்கிவிடுகிறார்கள். படம் சரியாக வரவில்லை என்றதும், "நல்ல லைட் இல்லை, அதனால்தான்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். மாதத் தவணையிலோ, தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்கியோ, இரண்டு மூன்று பெரிய ஸ்டூடியோ விளக்குகளை வாங்கிப் பத்தடி அறையில் அடைக்கிறார்கள். பிறகும் படம் பழையபடியே வருகிறது. தவணை மட்டும் தவறாமல் வருகிறது.

கோளாறு விளக்கின் சக்தியில் இல்லை. விளக்கு இருக்கும் இடத்தில் இருக்கிறது. இதை முதலில் புரிந்துகொண்டால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

நெற்றிக்கு நேரே வெளிச்சம்

காமிராவின் தலையில் மாட்டிய பிளாஷ், பார்ப்பவர் கண்ணுக்கு நேராக ஒளியை வீசுகிறது. மூக்கின் எடுப்பும் கன்னத்தின் வளைவும் தெரிவது நிழலால்தான். நிழலே விழாமல் நேரே அடித்தால் முகம் தட்டையாகிவிடும். நெற்றியும் மூக்கு நுனியும் எண்ணெய் பூசியதுபோல் மின்னும். பட்டுப்புடவையின் ஜரிகை வெள்ளைத் திட்டாக வெளுத்துவிடும். பின்சுவரில் தலைக்குப் பின்னால் கறுப்பு நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நம்மவர்களின் மாநிறமும் கறுப்பும் இந்த நேர்வெளிச்சத்தில்தான் அதிகம் கெடுகின்றன. அதைச் சரிசெய்வதாகச் சொல்லிக் கம்ப்யூட்டரில் முகத்தை வெளுக்க வைக்கிறார்கள். சாம்பல் பூசிய முகம் ஒன்று ஊருக்குப் போகிறது. பெண் பார்க்க அனுப்பும் படமாக இருந்தால், அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம் அல்லவா இது? கறுப்புத் தோலுக்கென்று ஒரு பளபளப்பு உண்டு. ஒளி பக்கவாட்டிலிருந்து மென்மையாக விழுந்தால் அது தானே தெரியும். வெளுக்க வைக்கும் வேலையே வேண்டியதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். பிளாஷைக் காமிராவிலிருந்து கழற்றி, எடுக்கப்படுபவரின் முகத்துக்கு ஒரு பக்கமாக, தலைக்குச் சற்று மேலே, சாய்வாக வைக்க வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் முகத்தில் காலை வெளிச்சம் விழுகிறதே, அதைப்போல.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் பால்டிமோர் சன் நாளேட்டில் புகைப்படக்காரராக இருந்த டேவிட் ஹாபி, 2006 முதல் இதையே உலகுக்குத் திரும்பத் திரும்ப எழுதிச் சொன்னார். கைப்பையில் அடங்கும் சின்ன பிளாஷைக் காமிராவிலிருந்து பிரித்து வைத்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும் என்பது அவர் கட்சி. ஊர் ஊராக ஓடிப் படம் எடுக்கும் பத்திரிகைக்காரரின் அனுபவம் அது. ஒண்டுக்குடித்தன அறையில் படம் எடுப்பவருக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும்.

வாங்க வேண்டியவை நான்கு

முதலில், கையால் அளவு வைக்கும் சாதாரண பிளாஷ் ஒன்று. தானாக அளவெடுக்கும் டி.டி.எல். வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அது தேவையில்லை. கோடாக்ஸ் டிடி 600 போன்றவை இதற்குப் போதும். பெரிய காமிரா கம்பெனிகளின் உயர்ரக பிளாஷ் ஒன்றின் விலையில் இவற்றில் நாலைந்து வாங்கலாம். சக்தியை முழு அளவிலிருந்து 128-ல் ஒரு பங்கு வரை குறைக்க முடியும்.

இரண்டாவது, ரேடியோ டிரிக்கர். இது காமிராவில் உட்கார்ந்து, தள்ளி நிற்கும் பிளாஷுக்கு உத்தரவு கொடுக்கும். டிடி 600-க்குள் ரேடியோ வாங்கி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே அதே கம்பெனியின் டிரிக்கர் ஒன்று வாங்கினால் போதும். உங்கள் காமிரா கேனனா, நிக்கானா, சோனியா என்று பார்த்து அதற்குரிய டிரிக்கரையே வாங்க வேண்டும். நாளை காமிராவை மாற்றினாலும் டிரிக்கரை மட்டும் மாற்றினால் போதும். ஸ்டாண்டில் நிற்கும் பிளாஷ் அப்படியே உதவும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அதே கம்பெனியின் டிடி 560 விலை குறைவு. ஆனால் அதற்குள் ரேடியோ கிடையாது. இன்னொரு பிளாஷின் ஒளியைக் கண்டால் தானும் மின்னும் கண் மட்டுமே உண்டு. வீட்டில் தனியாகப் படம் எடுக்க அது சரி. கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனால் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் காமிராவில் பிளாஷ் அடித்தாலும் இதுவும் சேர்ந்து அடிக்கும். தாலி கட்டும் நேரத்தில் பாட்டரி தீர்ந்திருக்கும். அதையே வைத்திருப்பவர் தனி ரேடியோ வாங்கி ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். கணக்குப் பார்த்தால் முதலிலேயே சரியானதை வாங்குவது லாபம்.

மூன்றாவது, ஒரு ஸ்டாண்டும், அதில் பிளாஷையும் குடையையும் பிடிக்கும் கொண்டியும். நான்காவது, ஒரு வெள்ளைக் குடை. இந்த நான்கோடு, திரும்பச் சார்ஜ் செய்யும் பாட்டரி இரண்டு செட், அதாவது எட்டு. சாதாரண பாட்டரி போட்டால் செலவும் அதிகம். ஒரு பிளாஷுக்கும் அடுத்த பிளாஷுக்கும் நடுவே காத்திருக்கும் நேரமும் அதிகம்.

குடை எதற்கு?

ஒளி வரும் பரப்பு பெரிதானால் நிழலின் ஓரம் மென்மையாகும். பிளாஷின் முகம் தீப்பெட்டி அகலம்தான். அதே ஒளியை வெள்ளைக் குடை வழியாக விட்டால் குடை முழுவதுமே விளக்காகிவிடுகிறது. குடையை முகத்துக்கு அருகில் கொண்டுவரக் கொண்டுவர நிழல் இன்னும் மென்மையாகும். சாப்ட்பாக்ஸ் இதைவிட ஒழுங்காக வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் அதற்கு விலை அதிகம். லோக்கல் ரயில் கூட்டத்தில் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகக் குடைதான் தோது.

அருகில் கொண்டுவருவதில் இன்னொரு லாபமும் உண்டு. மூன்றடி தூரத்தில் இருக்கும் விளக்கை ஆறடிக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. திருப்பிப் பார்த்தால், பாதி தூரம் நெருங்கினால் நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது. பத்தடி அறைக்காரருக்குப் பெரிய விளக்கு ஏன் தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் குடும்பமாக இரண்டு வரிசை நிற்கும்போது இதுவே எதிராகத் திரும்பும். அருகில் விளக்கு வைத்தால் முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை இருண்டுவிடும். அப்போது விளக்கைப் பின்னுக்குத் தள்ளி, உயர்த்தி, சக்தியைக் கூட்ட வேண்டும்.

பழகுவதற்கு ஒரு அளவு: ஐ.எஸ்.ஓ. 200, அப்பர்ச்சர் 5.6, ஷட்டர் 1/160, பிளாஷ் 1/8 சக்தி, குடை நாலடி தூரத்தில். இதில் தொடங்கிக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். பெரும்பாலான காமிராக்களில் ஷட்டர் வேகத்தை 1/200 அல்லது 1/250-க்கு மேல் கொண்டுபோனால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். காமிரா கெட்டுவிட்டதென்று ரிப்பேர்க்காரரிடம் ஓட வேண்டாம். வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

மறுபக்கத்து நிழல் அதிகமாக இருந்தால் இரண்டாவது விளக்கு தேடவேண்டாம். ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பக்கத்தில் நிறுத்தினால் போதும். பாஸ்போர்ட் படம் எடுப்பவர்கள், உட்காருபவரைச் சுவரிலிருந்து மூன்று நாலு அடி முன்னே நகர்த்தினாலே பின்னால் விழும் நிழல் விலகிவிடும். கூரையில் பிளாஷை அடித்துத் திருப்பும் வழியும் உண்டு. ஆனால் கூரையும் சுவரும் வெள்ளையாக இருக்க வேண்டும். நம் சால் வீடுகளின் பச்சை, நீல டிஸ்டெம்பர் சுவர்களில் பட்டுத் திரும்பினால் மணப்பெண்ணின் முகமும் பச்சையாகிவிடும்.

கடையில் ஏமாறாதிருக்க

கோட்டைப் பகுதியின் போரா பஜாரில் நாலு கடை ஏறி இறங்காமல் பணத்தை எண்ணி வைக்கக் கூடாது. பெட்டியில் 'கைடு நம்பர் 60' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பிளாஷின் ஜூமை 200 மி.மீ. வரை நீட்டி, ஒளியை ஒரு கீற்றாகக் குவித்து எடுத்த கணக்கு அது. குடைக்குள் விட்டால் அந்த எண் பாதிக்கும் கீழே போய்விடும். இரண்டு பிளாஷ்களை ஒப்பிடும்போது ஒரே ஜூம் அளவில் ஒப்பிட வேண்டும்.

சோர் பஜாரில் பழைய பிளாஷ் மலிவாகக் கிடைக்கலாம். அந்தக் காலத்து பிளாஷ்களில் சில, ஆரம்ப கால விவிடார் 283 போன்றவை, காமிராவோடு சேரும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேலும் வைத்திருக்கும். இன்றைய டிஜிட்டல் காமிரா அதைத் தாங்காமல் போகலாம். பழுதான பிளாஷை வீட்டில் பிரித்துப் பார்ப்பதும் கூடாது. பாட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

எல்.இ.டி. விளக்கு வாங்கலாமா என்று கேட்பவர் உண்டு. வீடியோ எடுப்பவருக்கு அது அவசியம். படம் மட்டும் எடுப்பவருக்கு, அதே விலையில் பிளாஷ் பல மடங்கு வெளிச்சம் தரும்.

சுவர் மின்சாரத்தில் ஓடும் பெரிய ஸ்டூடியோ பிளாஷ் நல்ல பொருள்தான். நிரந்தரமாகக் கடை போட்டு, தினமும் ஆள் வந்துபோகும் நிலை வந்தபிறகு வாங்கலாம். அப்போது போவன்ஸ் மவுண்ட் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. போவன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்த மாட்டல் முறையைப் பல கம்பெனிகள் கடைப்பிடிப்பதால், ஒன்றின் சாப்ட்பாக்ஸ் இன்னொன்றுக்குப் பொருந்தும்.

"பெரிய லைட் இல்லாவிட்டால் கல்யாண வீட்டார் மதிக்கமாட்டார்கள்" என்று சிலர் வாதிக்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மண்டபத்தில் நாலு பேர் பார்வையில் சாமானுக்கும் மரியாதை உண்டுதான். பெரிய மண்டபத்துக்குச் சின்ன பிளாஷ் ஒன்று போதாது என்பதும் உண்மையே. அதற்கு அந்த ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாம். வாடகையை வாடிக்கையாளரிடம் பேசும் தொகையிலேயே சேர்த்துவிடலாம். மாதம் ஒரு கல்யாணத்துக்காக மாதம் முழுவதும் தவணை கட்டுவது எந்த ஊர் நியாயம்?

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்றார்கள் பெரியவர்கள். ஒரு பிளாஷ், ஒரு டிரிக்கர், ஒரு ஸ்டாண்ட், ஒரு குடை. ஆறு மாதம் இவற்றோடு வீட்டு மனிதர்களை உட்கார வைத்துப் பழகட்டும். அதில் வந்த வருமானத்தில் இரண்டாவது விளக்கு வாங்கட்டும். சொந்தக் காசில் வாங்கிய விளக்கு வேலை இல்லாத நாளில் மூலையில் சும்மா இருக்கும். கடனில் வாங்கிய விளக்கு அன்றைக்கும் வட்டி தின்னும்.